நாலாம் கிணற்றில் முப்பத்தொன்று

பழைய யுரேனியச் சுரங்கம் ஒன்றில் நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்தக் கிணறு போடுவதுதான் என் வேலை என்று சொன்னால், கனடாவில், ஸ்காபரோக் கலியாண மண்டபங்களில் எனக்கு இரண்டு கேள்விகள் வரும். முதலாவது: "உங்களுக்கு முடி கொட்டேல்லையோ?" இரண்டாவது: "அந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?" இரண்டுக்கும் "இல்லை" என்பதே பதில். கேட்டவர் எந்தக் கேள்விக்கு எந்த "இல்லை" என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவேன்.

பொறுமையாகக் கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்வேன். சுரங்கத்தை மூடிப் பல பத்து வருடங்கள் ஆகிவிட்டன. யுரேனியம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைத் துகள் ஒரு அணைக்கட்டின் பின்னால் மலைபோல் கிடக்கிறது. மழை அதனூடாக இறங்கி, யுரேனியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நிலத்தடியால் ஏரிப்பக்கம் போகிறது. அது ஏரியைச் சேர்வதற்கு முன்னால் வரிசையாகக் கிணறுகள் போட்டு, கெட்ட தண்ணீரை மேலே இழுத்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறோம். யாரும் குடிக்காத கிணறு. ஆனால் அது இல்லாவிட்டால் ஏரியில் தூண்டில் போடுபவர்கள் எதையும் சமைக்க முடியாது.

நான் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கிறேன். திங்கட்கிழமைகளில் விடியக் காலை ஐந்து பத்துக்குக் காரை எடுத்து, அஜக்ஸ் ரயில் நிலையத்து வாகனத் தரிப்பிடத்தில் துளைபோடும் அண்ணையை ஏற்றிக்கொண்டு, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் வடக்கே திரும்பினால், இடையில் ஒரு கோப்பிக்கு நிற்பதையும் சேர்த்து மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வருவோம். நடுவிலுள்ள நாட்களில் சுரங்கத்திலிருந்து பன்னிரண்டு நிமிட தூரத்தில் ஒரு மோட்டல்.

அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக இந்த மாகாணத்துப் பாறைகளைத் துளைப்பவர். துளைபோடும் லொறி அவருடைய கொம்பனிக்குச் சொந்தம். ஆனால் அவர் அதை "என்ர லொறி" என்பார், கொம்பனியும் மறுப்பதில்லை. கருங்கல் முடிந்து வெடிப்புள்ள பாறை தொடங்குவதை எங்கள் கருவிகள் சொல்வதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடிப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லமாட்டார். ஆனால் நேராகத் துளைத்த கிணறு என்றால் அதைப் பற்றி ஒரு கிழமை பேசுவார்.

நாலாம் கிணறு அப்படிப்பட்ட கிணறு. முதல் மூன்றையும் அதற்கு முந்திய வருடம் வேறொரு குழு போட்டிருந்தது. நாலாவதிலிருந்து அண்ணையின் பொறுப்பு. இரண்டு முழு நாள் அந்தக் கருங்கல்லோடு மல்லுக்கட்டி, அடிவரை நூல் பிடித்ததுபோல் இறக்கியிருந்தார். சாய்வு பார்க்கும் கருவியை நான் இறக்கி எடுத்தபோது பக்கத்தில் நின்று, "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "இதைப் பெரிசா எழுதும்," என்றார்.

என்னிடம் இரண்டு கொப்பிகள் உண்டு. ஒன்று மழையில் நனையாத தாளுள்ள களக் கொப்பி. அது அலுவலகத்துக்குச் சொந்தம். அதில் ஆழம், நேரம், நீர்மட்டம். மற்றது என் நாட்குறிப்பு. அதில் மிச்சமெல்லாம்: காலநிலை, யார் என்ன சொன்னார்கள், என்ன சாப்பிட்டோம். இரண்டிலும் ஒரே விதி. பேனை மட்டும். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் முதலெழுத்து. என் வீட்டுக்காரர் இதை ஒரு வருத்தம், வைத்தியரிடம் காட்டவேண்டியது என்பார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை. சாயப் பரிசோதனைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அது எளிமையான விஷயம். மேட்டுப் பக்கத்திலுள்ள ஒரு சிறு துளையில், கெடுதல் இல்லாத பச்சைச் சாயத்தை ஊற்றுவோம். பிறகு கிணறுகளில் அது வந்து சேருகிறதா என்று பார்ப்போம். வந்தால் கிணறுகள் சரியான இடத்தில் நிற்கின்றன. வராவிட்டால் தண்ணீர் எங்கள் காலுக்குக் கீழால் களவாக ஏரிக்குப் போகிறது. சாயம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்துதான் வரும். ஆனால் அது ஒளிரும். அந்த ஒளிர்வை ஒரு சிறிய மீட்டர் எண்ணாகக் காட்டும். ஆகவே சாயம் ஊற்றுவதற்கு முன்னால் எல்லாக் கிணற்றிலும் மீட்டர் பூச்சியம் காட்டவேண்டும்.

ஒன்று: பூச்சியம். இரண்டு: பூச்சியம். மூன்று: பூச்சியம். நாலு: முப்பத்தொன்று.

கண்ணாடிக் குப்பியைக் கழுவினேன். முப்பது. புதுக் குப்பி எடுத்தேன். முப்பத்தொன்று.

ரொறன்ரோவிலிருந்த மனேஜருக்குத் தொலைபேசி எடுத்தேன். மனேஜர் முப்பத்திரண்டு வயதுப் பொறியியலாளர், இங்கே பிறந்த எங்கள் தமிழ்ப் பெண். கூட்டங்களில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதற்றம் வந்தால் மட்டும் வாய் தவறிவிடும்.

"தேர்ட்டி வன்னா? அன்ரி, ஆர் யூ ஷுவர்? சொறி, அன்ரி எண்டு சொல்லிட்டன்."

"பரவாயில்லை. மூண்டு தரம் பாத்தனான்."

"அப்ப லொறியில இருந்து அன்ரிஃப்ரீஸ் லீக் ஆயிருக்கும். அதுக்குள்ளயும் இதே மாதிரி டை தான் போடுறவை, லீக் தெரியட்டும் எண்டு. ஓ மை கோட்."

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. எஞ்சினைக் குளிர்வாக வைத்திருக்கும் திரவம் கிணற்றுக்குள் போயிருந்தால் அது சிறிய விஷயமில்லை. சுத்தப்படுத்தப் போட்ட கிணற்றை நாங்களே அசுத்தப்படுத்தியதாகும்.

"இது கன்ஃபேர்ம் ஆனா, நாலாவதை முழுக்க சீமெந்தால நிரப்பி மூடோணும்," என்றார். "அந்த லொறியும் அந்த ட்ரில்லர் அங்கிளும் சைட்டில நிக்கேலாது. வெள்ளி மத்தியானம் நான் நேர வாறன். அதுக்குள்ள வேற ரீசன் இருந்தா கண்டுபிடியுங்கோ. இல்லாட்டி எனக்கு வேற வழி இல்லை."

நான் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். பிறகு லொறியின் முகப்பைத் திறந்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"பாரும். வடிவாப் பாரும். என்ர லொறி ஒழுகாது."

பார்த்தேன். திரவம் விளிம்பு வரை இருந்தது. குழாய்கள் காய்ந்திருந்தன. லொறிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டோம். துணியில் ஒரு துளி இல்லை.

"இப்ப என்ன சொல்லுறீர்?"

"இப்ப ஒழுகேல்லை எண்டு சொல்லலாம் அண்ணை. அண்டைக்கு ஒழுகேல்லை எண்டு சொல்லேலாது."

"உம்மோட கதைக்கிறதும் ஒண்டு, அந்தக் கல்லோட கதைக்கிறதும் ஒண்டு," என்று சொல்லிவிட்டு முகப்பை அடித்து மூடினார்.

அன்று பின்னேரம் மோட்டலில் நாட்குறிப்பை எடுத்து நாலாம் கிணற்றின் பக்கங்களை ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். கிணறு போட்டு, கழுவி, வெளிக்குழாய்க்கு மூடி பூட்டிய நாள். மேகமூட்டம். வாத்துக்கூட்டம் தெற்கே போனது. மூடி பூட்டியது இரண்டு ஐம்பதுக்கு. அதற்கடுத்த வரி: "அண்ணையின் இடது கையுறையில் மஞ்சள் கறை. கேட்டேன். மத்தியானக் கறி என்றார்." அதற்கு நாலு வரி மேலே: "மத்தியானம்: எனக்கு இடியப்பம், சொதி. அண்ணைக்குப் பாண், தேங்காய்ச் சம்பல்."

சம்பலுக்கு யார் மஞ்சள் போடுகிறார்கள்?

அது மட்டுமில்லை. சுரங்க எல்லைக்குள் சாப்பிட முடியாது. கதிர்வீச்சுக்காகக் கையையும் சப்பாத்தையும் கருவியால் பார்த்த பிறகுதான் சாப்பாட்டு அறைக்குள் விடுவார்கள். கையுறை வாசலிலேயே கழன்றுவிடும். கறி பட வாய்ப்பே இல்லை.

வியாழக்கிழமை காலை சுரங்கத்துக்குப் போகும் வழியில் கேட்டேன். பன்னிரண்டு நிமிடப் பயணம், ஆகவே சுற்றிவளைக்கவில்லை.

"அண்ணை, நாலாம் கிணத்துக்குள்ள மஞ்சள் போட்டனீங்களோ?"

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். "நீர் பொலிசிலயோ வேலை?"

"போட்டனீங்களோ, இல்லையோ?"

"அது போடுறதுதானே," என்றார். "புது இடத்தில நான் போடுற முதல் கிணறு எண்டால் மனிசி ஒரு பொட்டலம் தந்துவிடுவா. போத்தில் தண்ணியில கரைச்சு, மூடி பூட்டேக்க ஊத்திறது. நல்லதுக்குத்தான். விசமோ? சாப்பிடுற சாமான்."

"எத்தினை வருசமா?"

"முப்பது."

"அப்ப இந்த மாகாணம் முழுக்க..."

"ஒருத்தரும் குறை சொன்னதில்லை," என்றார். "எல்லாக் கிணத்திலயும் நல்ல தண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சளும் ஒளிரும். மீட்டருக்கு மஞ்சளும் சாயமும் அன்ரிஃப்ரீஸும் ஒரே கூட்டம்தான்.

"இதை மனேஜருக்குச் சொல்லவேணும் அண்ணை."

"வேண்டாம்."

"ஏன்?"

"அன்ரிஃப்ரீஸ் எண்டால் மெசின் பிழை. அது ஆருக்கும் வரும். மஞ்சள் எண்டால் நான் பிழை. கொம்பனியில இருக்கிற பெடியள் எல்லாம் என்னைக் கண்டால் மஞ்சள், மஞ்சள் எண்டு சிரிப்பாங்கள். நான் சாகும்வரைக்கும் சிரிப்பாங்கள். மெசினில போடும்." சற்று நிறுத்தி, "நீர் மட்டும் என்னவாம்? முதல் நாள் குழாயில விரலால சிலுவை போட்டதை நான் காணேல்லை எண்டு நினைச்சீரோ?" என்றார்.

அது உண்மை. என் அம்மா வழிப் பழக்கம். கை தானாகப் போட்டுவிடும்.

"அது உலர்ந்த சிலுவை அண்ணை. மீட்டரில வராது."

அவர் சிரிக்கவில்லை. பாதை வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் நான் மிச்சத்தையும் சொன்னேன். "மெசின் பிழை எண்டு எழுதினால் உங்களை வேற சைட்டுக்கு அனுப்புவினம். அது போகட்டும். நாலாவதைச் சீமெந்து ஊத்தி நிரப்பப்போகினம்."

"எந்த நாலாவதை?"

"எத்தினை நாலாவது இருக்கு?"

"அந்தக் கிணத்தையோ? நூல் மாதிரி இறக்கின கிணத்தையோ?" அவர் குரல் உயர்ந்தது. "அதில என்ன குறை? அதுக்குள்ள சீமெந்தோ?"

வாசலில் அடையாள அட்டையைக் காட்டினோம். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டோம். அண்ணை தன் வில்லையைக் குத்தத் தெரியாதவர்போல இரண்டு தரம் கீழே போட்டார். மூன்றாம் தரம் குத்திவிட்டுச் சொன்னார்:

"மஞ்சளோ இல்லையோ எண்டு அறியிறது லேசு. சுண்ணாம்பு போட்டுப் பாரும். சிவக்கும்."

நான் அப்படியே நின்றேன். இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனை கலியாணத்தில் ஆலாத்தி எடுத்திருக்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சிவப்புத் தண்ணீர்த் தட்டு என் கையில் எத்தனை தரம் இருந்திருக்கும். எனக்கு இது தோன்றவில்லை.

சுண்ணாம்புக்குக் குறைவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் அமிலம் ஏறிய தண்ணீரைச் சரிப்படுத்த அதைத்தான் மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். பிரச்சினை வேறு: கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத்தான் இருக்கிறது. சிவந்தாலும் தெரியாது. ஆனால் மஞ்சள் தூள் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை, மிதக்கும். உலோகம் பார்க்க எடுக்கும் தண்ணீரை நாங்கள் எப்போதும் மிக நுண்ணிய வடிதாளால் வடிகட்டித்தான் போத்தலில் அடைப்போம். அன்ரிஃப்ரீஸ் தாளைத் தாண்டிப் போய்விடும். மஞ்சள் என்றால் தாளில் தங்கவேண்டும்.

நாலாம் கிணற்றிலிருந்து இருபது லீற்றர் எடுத்து ஒரே தாளால் வடித்தேன். ஒன்றரை மணித்தியாலம் போனது. அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாளை எடுத்தேன். நடுவில் மெல்லிய மஞ்சள் வட்டம், பழைய காகிதத்தின் நிறம் அளவுக்கு. அதேபோல வடித்திருந்த மூன்றாம் கிணற்றுத் தாளையும் பக்கத்தில் வைத்தேன். அது வெள்ளை.

மனேஜருக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். தொலைபேசியை அண்ணை பிடித்தார். நான் இரண்டு தாளிலும் ஒவ்வொரு துளி சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன்.

மூன்றாம் கிணற்றின் தாள் நிறம் மாறவில்லை. நாலின் வட்டம் மெதுவாகச் செம்மண் நிறமாகி, பிறகு சிவந்தது.

"ஆலாத்தி!" என்றார் அண்ணை, தன்னை மறந்து.

"வெயிட், வெயிட்," என்றது தொலைபேசி. "வெடிங்கில சுத்துற அந்த ரெட் வோட்டரா? அது மஞ்சளா? ஐ தோட் அது ஃபூட் கலரிங்."

"கலரிங்கோ!" என்றார் அண்ணை.

"அங்கிள், கிணத்துக்குள்ள மஞ்சள் எப்பிடி வந்தது?"

அது நான் சொல்லவேண்டிய பதில் இல்லை. அண்ணை தொலைபேசியைத் தாளிலிருந்து தன் முகத்துக்குத் திருப்பினார்.

"நான்தான் ஊத்தினனான், பிள்ளை," என்றார். "லொறி ஒழுகேல்லை. கிணத்தில ஒரு குறையும் இல்லை. ஊத்தினது நான்."

திரையில் மனேஜர் கையால் வாயைப் பொத்தினார். அவர் சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இதை நான் அரசாங்கத்துக்கு எப்பிடி எழுதுறது? ஓகே. ஓகே. அங்கிள், என்ன போட்டீங்கள், எவ்வளவு, எப்ப, ஏன் எண்டு எழுதி சைன் வையுங்கோ. கிணத்தை இறைச்சு எடுங்கோ. நாளைக்கு ட்வெல்வுக்கு நான் அங்க நிப்பன். ஸீரோ வரோணும். ஸீரோ வராட்டி சீமெந்துதான். மஞ்சளோ, வாட்எவரோ, ஸீரோ பேஸ்லைன் இல்லாம டெஸ்ட் செய்யேலாது."

அண்ணை வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தானே எழுதினார். எவ்வளவு என்ற இடத்தில் "ஒரு கரண்டி" என்று எழுதினார். எந்தக் கரண்டி என்று கேட்டேன். "கரண்டிதான்," என்றார். நான் விடவில்லை. சாப்பாட்டு அறையிலிருந்த எல்லாக் கரண்டிகளையும் பரப்பி வைத்து, அவர் காட்டியதை அளந்து, மில்லிலீற்றரில் எழுதவைத்தேன். ஏன் என்ற இடத்தில் "நல்லதுக்காக" என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். அதை வெட்டலாம், அரசாங்கத்துக்கு அது தேவையில்லை என்று சொன்னேன்.

"ஏன் எண்டு கேட்டவ எல்லே? இதுதான் ஏன்," என்றார். அந்த வரி அப்படியே இருந்தது.

பிறகு இறைத்தோம். பம்பைப் போட்டு, வந்த தண்ணீர் முழுவதையும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினோம். வியாழன் பின்னேரம் முப்பத்தொன்று இருபத்திரண்டு ஆனது, பிறகு பதினாலு, பிறகு ஒன்பது. வெள்ளி காலை எட்டு மணிக்கு நாலு. ஒன்பது மணிக்கும் நாலு. ஒன்பதரைக்கும் நாலு.

"நிக்குது அண்ணை."

"எங்க நிக்குது?"

"நாலில."

"நம்பரைக் கேக்கேல்லை. மஞ்சள் எங்க நிக்குது எண்டு கேக்கிறன்."

அவர் குழாயைச் சுற்றியிருக்கும் வடிமணலைச் சொன்னார். தண்ணீரை மட்டும் இறைத்தால் மணலுக்குள் ஒளித்திருக்கும் தூள் வராது. காற்றை அடித்து மணலைக் குலுக்கவேண்டும். ஆனால் வேகம் கூடினால் மணல் குலைந்து கிணறே பழுதாகும். அவர் காற்றழுத்தியின் திருகைக் கால்வாசி திறந்து, மூடி, திறந்து, மூடி, குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோல் செய்துகொண்டிருந்தார். ஒரு கை எப்போதும் இரும்புக் குழாயின்மேல். மேலே வந்த தண்ணீர் முதலில் கலங்கியது. பத்து இருபதுக்கு மீட்டர் ஏழு காட்டியது.

"கூடிட்டுது," என்றேன்.

"கூடோணும். வெளிக்கிடுதெல்லே," என்றார்.

பதினொன்று ஐந்துக்கு மூன்று. பதினொன்று முப்பதுக்கு ஒன்று. பதினொன்று நாற்பதுக்கு மனேஜரின் கார் வாசலுக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. புதுச் சப்பாத்தோடு சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவர் வந்துகொண்டிருக்கும்போது, நான் கடைசிக் குப்பியை மீட்டருக்குள் வைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம்.

பூச்சியம்.

இரண்டாவது குப்பி. பூச்சியம். மூன்றாவதை மனேஜர் தன் கையாலேயே எடுத்தார். கிணற்றிலிருந்து நிரப்பி, துடைத்து, வைத்து. பூச்சியம்.

"ஓகே," என்றார் நீண்ட மூச்சு விட்டு. "நாலு இருக்கட்டும். லொறியும் இருக்கட்டும்." பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "அங்கிள், அஞ்சாவதுக்குள்ள ஒண்டும் ஊத்தமாட்டீங்கள்தானே?"

"முதலாவதுக்கு மட்டும்தான், பிள்ளை."

"நோ, அங்கிள். அடுத்த சைட்டில முதலாவதுக்கும் நோ."

"லொறியின்ர வெளிப்பக்கம் தெளிக்கலாமோ?"

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் களக் கொப்பியைப் பார்த்தேன்.

"வீட்டில வைச்சுத் தெளியுங்கோ," என்றார் மனேஜர். "அஜக்ஸில. லொறி இல்லாம."

அண்ணை அதை ஒரு நல்ல பேரம் என்று எடுத்துக்கொண்டதுபோல் தலையாட்டினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எழுதிப்போட்டீரோ?"

"ஓம். பதினொண்டு ஐம்பத்திரண்டு. நாலாம் கிணறு: பூச்சியம், பூச்சியம், பூச்சியம்."

"இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். அவர் ஏறி லொறியைக் கிளப்பி, அதை ஐந்தாம் கிணற்றின் அடையாளக் குச்சிக்கு நேராக, மிக மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார்.